இரும்பு முகம்

பிக்கப் வண்டிகளின் முன்னால் பட்டறையில் அடித்துப் பூட்டும் கம்பித் தடுப்பு எதைக் காக்கிறது, யாரைக் கைவிடுகிறது?

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிகளில் ஏலச் சத்தம் ஓய்ந்து, கேரளத்துக்குப் பாரம் ஏற்றிய வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்படத் தொடங்கும் அந்தி வேளையில், ஊரின் விளிம்பிலுள்ள ஒரு வெல்டிங் பட்டறையின் வாசலில், வாங்கி ஆறு மாதமும் ஆகாத வெள்ளைப் பிக்கப் ஒன்று, நம்பர் பிளேட் கழற்றப்பட்ட முகத்தோடு நின்றுகொண்டிருந்தது. சிமெண்டுத் தரையில் சாக்குக் கட்டியால் கிழித்த ஒரு வளைகோட்டின்மேல், வளைத்த இரண்டு அங்குல பைப்பை வைத்துப் பார்த்த பட்டறைக்காரர், கோட்டுக்கும் பைப்புக்கும் இடையே ஒரு விரலகலம் பிசகுவதைக் கண்டு, ஒன்றும் பேசாமல் அதை மறுபடியும் வளைக்கும் யந்திரத்துக்கே எடுத்துப் போனார். அவருடைய உதவியாளர் ஆறு மில்லிமீட்டர் பிளேட்டைக் கட்டிங் வீலில் அறுத்துக்கொண்டிருந்தார். தீப்பொறி வாசலைத் தாண்டிச் சாலையோரம் வரையில் பறந்தது. வண்டிக்குச் சொந்தக்காரரான இளைஞர், நெருப்புக்கு ஒதுங்கி நின்றபடியே, தம் குறையைச் சொன்னார்.

“போன மாசம் பழனி ரோட்டுல நாய் குறுக்க வந்துருச்சுண்ணே. ரேடியேட்டரு, ஹெட்லைட்டு எல்லாம் போச்சு. நாலு நாள் வண்டி நின்னுச்சு. டியூ மட்டும் நிக்கல.”

“இதப் போட்டா நாய் என்ன, மாடே வந்தாலும் ஒண்ணும் ஆகாது, தம்பி.”

“போலீஸ் புடிக்கிறாங்கன்னு சொல்றாங்களே?”

“போல்ட்டுலதான நிக்கப் போவுது. எஃப்.சி.க்குப் போறப்ப கழட்டிக்கலாம்.”

தமிழ்நாட்டில் சரக்கு ஏற்றும் சிறு வண்டி வைத்திருப்பவர்களிடையே இந்தச் சம்பாஷணை ஏதாவதொரு ஊரில் தினந்தோறும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கிராஷ் கார்டு என்றும், பம்பர் என்றும், சில ஊர்களில் வெறுமனே ‘முன் கம்பி’ என்றும் வழங்கும் இந்தத் தடுப்பைப் பூட்டலாகாது என்று மத்திய சர்க்கார் சொல்லி வருஷங்கள் பல ஆகியும், பட்டறைகளில் அதற்கு வேலை குறைந்தபாடில்லை. தடையை மீறுகிறவர்கள் எல்லோரும் சட்டத்தை மதிக்காதவர்கள் என்று முடிவு கட்டிவிடுவது சுலபம். ஆனால் அவர்களுடைய கணக்கு என்ன என்பதை ஒரு தடவையாவது பொறுமையோடு கேட்டுப் பார்த்தால், அதில் ஒரு பாதி முழுக்க நியாயமானது என்பதும், மறு பாதியில் மனித உயிர் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்பதும் விளங்கும்.

டியூ நிற்பதில்லை

முதலில் அந்த நியாயமான பாதியைப் பார்த்துவிடுவோம். கடனில் வாங்கிய ஒரு பிக்கப், அதை ஓட்டுகிறவருக்கு வாகனம் மட்டுமன்று, கடையும் அதுவே, நிலமும் அதுவே. அதன் முகப்பிலோ, காற்றுக்கு வழிவிட வேண்டிய காரணத்தால், ரேடியேட்டரும் அதற்கு முன்னால் இன்டர்கூலரும், ஏ.ஸி. உள்ள வண்டியானால் கண்டென்சரும், மெல்லிய அலுமினியக் குழாய்களாகவும் தகடுகளாகவும், ஒரு கிரில்லின் மறைவில் அடுக்கியிருக்கின்றன. இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நாயோ ஆடோ மோதினாலும் போதும். ஓட்டுகிறவருக்கு ஒரு கீறலும் இராது, ஆனால் கூலன்ட் சாலையில் ஒழுகிவிடும், எஞ்சினை அணைத்துவிட்டு ஓரங்கட்டி நிற்பதைத் தவிர வழியில்லை. பாகம் வரக் காத்திருக்கும் நாட்களில் வாடகை இல்லை. அழுகும் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றும் செலவும் தலைமேல். இன்ஷூரன்ஸில் சிறு சேதத்துக்குக் கேட்டுப் பெற்றால், கோரிக்கையில்லாத வருஷத்துக்குக் கிடைக்கும் சலுகை போய்விடும் என்பதால், பலர் கேட்பதேயில்லை.

இத்தகைய சிறு மோதல்களில் முன் கம்பி நிஜமாகவே உபயோகப்படுகிறது. இதை மறுப்பது அனுபவஸ்தர்களின் முன்னால் நகைப்புக்கு இடமாகும். மண்டியில் பின்னால் எடுக்கும் வண்டி இடித்தாலும், சந்துக்குள் திரும்பும்போது சுவர் உரசினாலும், சேதம் இரும்பில் ஒரு கீறலோடு நின்றுவிடும். போதாதற்கு, இரும்பு முகம் உள்ள வண்டிக்குச் சாலையில் மற்றவர்கள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுகிறார்கள் என்பதும், பலர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அதைப் பூட்டுவதற்கு ஒரு காரணம்தான். கட்சிக் கொடி கட்டிய பெரிய கார்களில் பளபளத்த குரோம் கம்பிகளைப் பல காலம் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அது அந்தஸ்தின் அடையாளமாகவும் தோன்றிவிட்டது.

பெட்டிச் செய்தி: சட்டம் சொல்வது

2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதிய கடிதம், மோட்டார் வாகனங்களில் அனுமதியின்றிக் கிராஷ் கார்டு, புல் பார் பூட்டுவது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விரோதம் என்றும், 190, 191 ஆகிய பிரிவுகளின் கீழ் தண்டனைக்குரியது என்றும் கூறிற்று. 52-ஆம் பிரிவின் சாரம், உற்பத்தி செய்தவர் நிர்ணயித்த அமைப்புக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றலாகாது என்பது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதே வருஷம் திருத்திய சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கலாம் என்கிறது. மோட்டார் சைக்கிளில் சேலை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் தடுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது சட்டமே கேட்டு வாங்குவது.

நொறுங்க வேண்டியது நொறுங்காவிட்டால்

மோதலில் நசுங்காத வண்டியே நல்ல வண்டி என்ற எண்ணம் நம் மனத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அம்பாஸடர் காரின் இரும்புப் பம்பரைத் தட்டிப் பார்த்து மெச்சிய தலைமுறைக்கு, இன்றைய காரின் பிளாஸ்டிக் முகப்பு ஓர் ஏமாற்று வேலையாகவே படுகிறது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கும் சாஸ்திரம் புதியதன்று. மெர்ஸிடஸ் நிறுவனத்தின் பொறியாளரான பேலா பாரென்யி என்பவர், பிரயாணிகள் உட்காரும் கூண்டு கெட்டியாகவும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் மோதலில் ஒழுங்காக நசுங்கிக் கொடுப்பவையாகவும் இருக்க வேண்டும் என்ற யோசனைக்கு 1950-களின் தொடக்கத்திலேயே காப்புரிமை பெற்றார். 1959-இல் அந்த நிறுவனத்தின் கார் ஒன்றில் அது நடைமுறைக்கும் வந்தது. வண்டி நொறுங்குவது தோல்வியன்று, மனிதன் நொறுங்காமலிருக்க அது கொடுக்கும் விலை என்பதை உலகம் அன்று முதல் கற்றுக்கொண்டு வருகிறது.

சரக்கோடு சேர்த்து மூன்று டன் எடையுள்ள ஒரு பிக்கப் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதற்குள் இருக்கும் சக்தி ஏறத்தாழ 2,90,000 ஜூல். பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, அதே வண்டியைத் தலைகீழாகத் தரையில் போட்டால் என்ன சக்தியோடு வந்து விழுமோ, அதே அளவு. இந்தச் சக்தி எங்கேயாவது செலவாகித்தான் தீர வேண்டும்: இரும்பை மடக்குவதிலோ, இல்லாவிட்டால் எலும்பை முறிப்பதிலோ.

பெட்டிச் செய்தி: ஒரு முழக் கணக்கு

அசையாத சுவர் ஒன்றில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதும் வண்டியின் முகப்பு 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், வேகம் குறையும் சராசரி வீதம் புவியீர்ப்பைப்போல் சுமார் 16 மடங்கு. முகப்பு விறைத்துக்கொண்டு 30 சென்டிமீட்டரே நசுங்கினால், அது சுமார் 33 மடங்கு. அறுபது கிலோ எடையுள்ள டிரைவரை, முதல் வகையில் ஏறத்தாழ ஒரு டன் விசையும், இரண்டாவதில் ஏறத்தாழ இரண்டு டன் விசையும் சீட் பெல்ட்டின் மூலம் அழுத்துகின்றன.

பிக்கப்பின் அஸ்திவாரம் ஏணிபோல் இரண்டு நீளச் சட்டங்களைக் கொண்ட சேஸிஸ். அந்தச் சட்டங்களின் முன்முனைகள் மோதலில் மடங்கிக் கொடுக்க வேண்டியவை. கம்பித் தடுப்பு வேறு எதிலும் பிடிமானம் பெற முடியாதாகையால், ஆறு அல்லது எட்டு மில்லிமீட்டர் பிளேட்டில் பிராக்கெட் செய்து, பட்டறைக்காரர் அதை இந்த முன்முனைகளிலேயே போல்ட் போட்டு இறுக்குகிறார். மடங்க வேண்டிய இடத்தைப் பக்கவாட்டில் கட்டுப்போட்டு விறைப்பாக்கிவிட்டால், மோதலின் வேகம் அந்த இடத்தில் தணியாமல் பின்னோக்கிப் போய், சேஸிஸின் நடுவையும், கேபினையும், ஸ்டியரிங்கையும் தேடிச் செல்கிறது. பானட் என்று ஒன்றே இல்லாத சிறு சரக்கு வண்டிகளில், டிரைவரின் முழங்காலுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் இடையே இருப்பது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகமான இடந்தான். அதையும் விறைப்பாக்கிக்கொள்வது எத்தகைய பாதுகாப்பு என்பதை நாமே யோசித்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான இன்னொரு சங்கதியும் உண்டு. பார்வைக்குக் கனமாகவும், உள்ளே மெல்லிய பைப்பாகவும் இருக்கும் மலிவான கம்பிகள், கொஞ்சம் பலத்த மோதலில் வெல்டிங் விட்டோ பிராக்கெட் மடங்கியோ பின்னால் சாய்ந்து, எந்த ரேடியேட்டரைக் காப்பதற்காகப் பூட்டினார்களோ அதையே குத்திக் கிழித்துவிடுகின்றன. கொடைக்கானல், நீலகிரிச் சாலைகளில் இரவில் குறுக்கே வந்து நிற்கும் காட்டுமாடு ஒரு டன் எடை வரை இருக்கக்கூடும்; அதன்முன் இந்த இரண்டு அங்குல பைப்பு ஒரு பொருட்டேயன்று.

ஏர்பேக் என்னும் அரைகுறை வாதம்

தடையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் எடுத்துச் சொல்லப்படுவது, கம்பி பூட்டினால் ஏர்பேக் விரியாது என்பது. கார்களைப் பொறுத்தவரை இது கவனிக்கத்தக்க வாதமே. மோதல் தொடங்கியதும் வேகம் எப்படிக் குறைகிறது என்பதை முகப்பிலும் தரைப்பகுதியிலும் உள்ள சென்ஸார்கள் அளந்து, ஒரு வினாடியில் நூற்றில் சில பங்கு நேரத்துக்குள் தீர்மானம் செய்ய வேண்டும். அந்தக் குறைவின் போக்கு எப்படி இருக்கும் என்பதை, கம்பி இல்லாத வண்டியை மோதிப் பார்த்துத்தான் உற்பத்தியாளர் நிர்ணயித்திருக்கிறார். முன்னால் ஒரு புதுப்பொருள் வந்துவிட்டால், பை தாமதமாக விரியலாம். அவசியமில்லாத சிறு மோதலில் விரிந்தும் தொலைக்கலாம்.

ஆயினும் பிக்கப் வைத்திருப்பவரிடம் இதையே முதல் வாதமாகச் சொல்வது சாதுரியமன்று. இந்தியாவில் டிரைவருக்கு ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயமானது பிரயாணிகள் செல்லும் கார்களில்தான். சரக்கு ஏற்றும் வண்டிகள் பலவற்றில் அது இருந்ததேயில்லை. “என் வண்டியில் இல்லாத பைக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்?” என்று அவர் கேட்டால், கேட்டவர் பக்கம்தான் நியாயம் இருக்கும். பொருந்தாத காரணத்தைச் சொல்லித் தடை செய்யும்போது, பொருந்துகிற காரணத்தையும் ஜனங்கள் நம்பாமல் போய்விடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில், பிக்கப்பின் விஷயத்தில் பேச வேண்டியது வண்டிக்கு உள்ளே இருப்பவரைப் பற்றி அல்ல.

வண்டிக்கு வெளியே நிற்பவர்

2022-இல் இந்தியச் சாலைகளில் விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அதாவது, மூவரில் இருவருக்குச் சற்றே குறைய, சுற்றிலும் தகடுகூட இல்லாமல் சாலையில் இருந்தவர்கள். தமிழ்நாட்டில் அந்த ஒரே வருஷத்தில் விபத்துகள் 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். இவர்களை எல்லாம் முன் கம்பிதான் கொன்றது என்று யாரும் சொல்லவில்லை. இந்த எண்கள் காட்டும் விஷயம் வேறு: நம் நாட்டு வண்டி ஒன்றின் முகம் சாலையில் எதைச் சந்திக்கப் போகிறது என்று ஊகிக்க வேண்டுமானால், நாயையும் மாட்டையும் நினைப்பதற்கு முன்னால் மனிதனை நினைக்க வேண்டும் என்பதே.

ஒரு பாதசாரியைக் கார் மோதும்போது நடப்பதை நிபுணர்கள் வெகு நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். பம்பர் முதலில் முழங்காலை ஒட்டிக் காலைத் தட்டுகிறது. உடல் பானட்டின்மேல் சரிகிறது. கடைசியில் தலை பானட்டிலோ முன்கண்ணாடியிலோ மோதுகிறது. கால் முறிந்தாலும் உயிர் பிழைக்கட்டும் என்ற நோக்கத்தோடு, பம்பருக்குள் நெகிழும் பொருளை வைப்பதும், பானட் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையே தகடு அமுங்க இடம் விடுவதும் இன்றைய வடிவமைப்பின் அங்கங்கள். செயற்கைக் காலையும் செயற்கைத் தலையையும் மணிக்கு நாற்பது கிலோமீட்டரையொட்டிய வேகத்தில் வண்டியின் முகப்பில் எறிந்து பரீட்சிப்பார்கள். இந்தியாவிலும் ஏ.ஐ.எஸ். 100 என்ற தர நிர்ணயம் இதற்காக வந்திருக்கிறது. 2018 அக்டோபர் முதல் புதிய மாடல் கார்களுக்கு அது பொருந்திற்று.

சரக்கு பிக்கப்பின் முகம் இயற்கையிலேயே காரைவிட உயரமானது. மன்னிக்கும் குணம் அதற்குக் குறைவு. அதன்மேல் இரும்புக் கம்பியையும் பூட்டினால் என்ன ஆகிறது? முதல் அடி முழங்காலில் விழாமல், வளர்ந்தவருக்குத் தொடையிலும் இடுப்பிலும், ஒன்பது பத்து வயதுக் குழந்தைக்கு மார்பிலும், அதற்கும் சிறிய குழந்தைக்குத் தலையிலும் விழுகிறது. அகன்ற தகட்டில் பரவ வேண்டிய விசை, ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள பைப்பின் ஒரு கோட்டில் குவிகிறது. பைப்பு அமுங்காது, அமுங்கக் கூடாது என்பதற்காகவே கனமான பைப்பாகத் தேர்ந்தெடுத்து வாங்கியிருக்கிறார்கள். உடலின் நடுவையொட்டியோ அதற்கு மேலேயோ அடி விழுவதால், மோதப்பட்டவர் பானட்டின்மேல் சரிந்து ஏறுவதற்குப் பதிலாக முன்னால் சாலையில் தள்ளப்படுகிறார். பிரேக் பிடித்தும் நிற்காத மூன்று டன் வண்டி அவரை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கோ ஆபத்து வேறு விதம். வண்டியின் அகலத்தை ஒட்டியோ அதற்கு இரண்டு அங்குலம் வெளியிலோ நீண்டு, முனை வெட்டி மூடியிருக்கும் பக்கக் கம்பி, உரசிப் போயிருக்க வேண்டிய ஒரு சம்பவத்தை, ஹேண்டில்பாரையோ முழங்காலையோ மாட்டி இழுத்துவிடும் சம்பவமாக மாற்றிவிடுகிறது.

இந்தக் காரணத்தால்தான் ஐரோப்பிய சமுதாயம் 2005-இல் தனி நெறிமுறை ஒன்றை இயற்றி, கார்களிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் பூட்டும் முன் தடுப்பு எதுவானாலும் பாதசாரிப் பரீட்சையில் தேறித்தான் விற்பனைக்கு வர வேண்டும் என்று விதித்தது. கெட்டி இரும்புக் கம்பி அந்தப் பரீட்சையில் தேறுவது கடினம். அங்கே கிடைக்கும் தடுப்புகள் மெல்லிய குழாயாகவும் தாழ்வாகவும், அலங்காரத்துக்குச் சற்று மேலாகவும் ஆகிவிட்டதன் ரகசியம் இதுவே.

பெட்டிச் செய்தி: கங்காரு நாட்டில்

முன் கம்பிக்குப் பெயர்போன தேசம் ஆஸ்திரேலியா. ஊருக்கும் ஊருக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆளரவமற்ற வழியில், அந்தி மயங்கியதும் குறுக்கே பாயும் கங்காருவால் ரேடியேட்டர் உடைந்து நின்றால், உதவி கிடைப்பதே அரிது. அங்கே அது உயிர்ப் பிரச்சினை. மெல்போர்னில் 1975-இல் தொடங்கிய ஏ.ஆர்.பி. என்ற நிறுவனம் இந்தக் கம்பிகளைச் செய்தே உலகப் பிரசித்தி அடைந்தது. அந்த நாட்டிலும் 2002-இல் முன் தடுப்புகளுக்குத் தர நிர்ணயம் ஏற்பட்டது. வண்டியின் முக வடிவத்தை ஒட்டிப் பின்சாய்ந்திருப்பதும், கூரிய முனைகள் இல்லாதிருப்பதும் அதன் கவலைகளுள் சேர்ந்தவை.

நம் சாலையோ ஆஸ்திரேலியப் பாலைவனமன்று. திண்டுக்கல்லிலிருந்து பழனி வரையில் எந்த இடத்தில் வண்டி நின்றாலும் டீக்கடை ஒன்று கூப்பிடு தூரத்தில் இருக்கும். மெக்கானிக் ஒருவர் போனில் கிடைப்பார். அதே சாலையில் தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் காவடியும் பையுமாக, இரவென்றும் பகலென்றும் பாராமல், ஆயிரமாயிரம் பேர் நடந்து போகிறார்கள். எந்தச் சாலையில் எதை எதிர்பார்க்க வேண்டும் என்ற விவேகத்தை அந்நிய தேசத்துப் படங்களிலிருந்து நாம் கடன் வாங்கத் தேவையில்லை.

மூக்கில் ஏறிய பாரம்

இனி வண்டியின் லாபநஷ்டத்துக்கே திரும்பி வருவோம். நடுத்தரக் கனமுள்ள இரண்டு அங்குல பைப்பு மீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ. ஆறு மில்லிமீட்டர் பிளேட் சதுர மீட்டருக்கு நாற்பத்தேழு கிலோ. ஏழு மீட்டர் பைப்பும், பிராக்கெட்டுகளும், அடித் தகடும் சேர்ந்தால் ஐம்பது, அறுபது கிலோ சுலபமாக வந்துவிடும். பட்டறைகளில் கூலி பெரும்பாலும் கிலோ கணக்கில் பேசப்படுவதால், கனத்தைக் குறைப்பதில் பட்டறைக்காரருக்கு ஆர்வமில்லை. கனம் கூடினால் உறுதி என்று நம்பும் வண்டிக்காரருக்கும் ஆர்வமில்லை. ஆனால் எடை மேடையில் இந்த அறுபது கிலோவும் வண்டியின் எடையோடு சேர்ந்துதான் நிற்கும். பதினான்கு, பதினைந்து கிலோ தக்காளிப் பெட்டிகள் நான்கை ஒவ்வொரு நடையிலும், போகும்போதும் வரும்போதும், வாடகையின்றிச் சுமப்பதற்குச் சமமான காரியம் இது.

அந்த எடை தொங்கும் இடமும் மோசமான இடம். முன் அச்சுக்கு எண்பது சென்டிமீட்டர் முன்னால் அறுபது கிலோவைத் தொங்கவிட்டால், அச்சுகளுக்கிடையே மூன்று மீட்டர் தூரமுள்ள வண்டியில், முன் அச்சின்மேல் ஏறுவது அறுபது அன்று, எழுபத்தாறு கிலோ. பின் அச்சிலிருந்து பதினாறு கிலோ குறைந்தும் விடுகிறது. வெறும் வண்டியாக மழையில் திரும்பும்போது பின்சக்கரம் வழுக்குவதற்கு இது கொஞ்சம் ஒத்தாசை. முன் ஸ்பிரிங்கும், பால் ஜாயிண்டும், டயரும் சீக்கிரம் தேய்வதற்கும் அதுவே காரணம். மெக்கானிக்கிடம் போகும்போது பழி ரோட்டின்மேல் விழுகிறது. கம்பிகளுக்கிடையே பெரிய லைட்டுகளையும், சில வண்டிகளில் அம்மன் படத்தையும் வைத்து அடைத்துவிட்டால், மலை ஏறும்போது ரேடியேட்டருக்குக் காற்றும் குறைகிறது.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் சிலர் சொல்வதுபோல், கம்பி பூட்டினால் ஒரு பைசாவும் கிடைக்காது என்று பயமுறுத்துவதும் சரியன்று, ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொல்வதும் சரியன்று. அனுமதியற்ற மாற்றம் என்பது, சேதத்தைப் பார்வையிட வருகிறவரின் கையில் ஓர் ஆட்சேபனையைக் கொடுக்கிறது. அதன்பின் கொடுப்பதும் குறைப்பதும் வழக்காடலின் பாற்பட்டது. டியூ கட்டுகிறவருக்கு வழக்காட நேரம் ஏது?

பட்டறையின் கை

கம்பியைக் குறை சொல்லும்போது அதைச் செய்யும் கையைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வளைவை யந்திரத்தில் கொண்டுவருவதும், பைப்போடு பைப்பு சேரும் முனையை மீன்வாய்போல் அறுத்துப் பொருத்துவதும், முதலில் நாலு இடத்தில் டேக் வைத்து, வண்டியில் தூக்கி மாட்டி, இரு பக்க உயரமும் சரிபார்த்து, பிறகே முழு வெல்டிங் ஓட்டுவதும், 6013 ராடின் கசடைச் சுத்தியால் தட்டியதும் செதில் செதிலாக ஒரே சீராகத் தெரியும் தையலும், கண்ணுக்கு விருந்தான தொழில் நேர்த்திதான். ஆனால் நல்ல தையல், நல்ல வடிவமைப்பு ஆகிவிடாது. கார்க் கம்பெனி ஒன்று சுவரில் மோதிப் பார்த்துப் பல தடவை திருத்திய ஒரு முகப்பை, மோதிப் பார்க்க வழியில்லாத ஒருவர் ஒரே மாலையில் மாற்றுகிறார் என்பதே இங்குள்ள சிக்கல்.

அவசரத்தில் நிகழும் பிழைகளும் உண்டு. சேஸிஸ் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடுவதோ, அதில் நேரடியாக வெல்டிங் ஓட்டுவதோ, பாரம் தாங்கும் இடத்தையே பலவீனமாக்குவதாகும். விரிசல் வெல்டிங்கின் ஓரத்தில், சூடு கண்ட இரும்பில்தான் பெரும்பாலும் தொடங்கும். வண்டியில் வைத்தே வெல்டிங் அடிக்கும்போது பாட்டரி ஒயரைக் கழற்றாமலும், எர்த் கிளாம்ப்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் மாட்டாமலும் விட்டால், மின்சாரம் தனக்குத் தோன்றிய வழியில் போகும். 2020-க்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் அந்த வழியில் எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் பெட்டி இருக்கும். நாகப் பூச்சுள்ள ஜி.ஐ. பைப்பைப் பூச்சோடு சூடாக்குகிறவருக்கு, அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வருவது துத்தநாகப் புகையால். வண்டிக்காரர் அறியாத இந்த விலையைப் பட்டறைக்காரர் தம் உடம்பால் கொடுக்கிறார்.

கழற்றுவதும் பூட்டுவதும்

2020-ஆம் வருஷத்துக் கடைசியிலும் அதை அடுத்த மாதங்களிலும், தமிழ்நாட்டுச் சாலைகளில் வண்டிகளை நிறுத்தி அங்கேயே கம்பிகளைக் கழற்றும் சோதனைகள் மும்முரமாக நடந்தன. நீதிமன்றங்களிலும் விஷயம் விவாதிக்கப்பட்டது. பிறகு வேகம் தணிந்தது. இப்போது நடப்பது ஒருவித நாடகம். சரக்கு வண்டிக்கு முதல் எட்டு வருஷம் வரையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையும், அதன்பின் வருஷந்தோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றிதழுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். அந்த நாளுக்கு முன்னிரவில் நான்கு போல்ட்டுகள் அவிழ்கின்றன. சான்றிதழ் கிடைத்த மறுநாள் அவை மறுபடியும் இறுகுகின்றன. கம்பி சேஸிஸோடு நிரந்தரமாக ஒட்டாமல் போல்ட்டில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பரிசோதிக்கிறவருக்கும் சட்டத்தின் முன்முனையில் போல்ட் தேய்த்த வட்டம் தெரியாமலா இருக்கும்? அவர் பார்க்க வேண்டிய பட்டியலில் அன்று கம்பி இல்லை, அத்தோடு சரி.

இந்த நாடகத்துக்குப் பரிகாரம், என்னைக் கேட்டால், இன்னும் பெரிய அபராதமன்று. ரேடியேட்டருக்கு முன்னால் கிரில்லின் உட்புறத்தில் ஒரு கனமான கம்பி வலை, நசுங்கிக் கொடுக்கும் ஒரு கீழ்த்தடுப்பு, இவற்றை உற்பத்தியாளர்களே பரீட்சித்து, பிக்கப் ஓட்டுகிறவர் வாங்கக்கூடிய விலையில் கொடுத்தால், நாய்க்குப் பயந்து பட்டறைக்குப் போகிறவர்களில் ஒரு பகுதியாவது திரும்பி வருவார்கள். அந்தஸ்துக்காகப் போகிறவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இதே பட்டறைகளில், சட்டமே கேட்டு வாங்கும் இன்னொரு கம்பியும் தயாராகிறது என்பது பலர் கவனிக்காத விசேஷம். லாரியின் பின்னால், தரையிலிருந்து 55 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரத்தில், குறுக்கே நிற்க வேண்டிய தடுப்பு அது, ஐ.எஸ். 14812 என்ற தர நிர்ணயம் அதற்கு உண்டு. பின்னால் வந்து மோதும் காரும் மோட்டார் சைக்கிளும் லாரியின் அடியில் நுழைந்து, அதில் இருப்பவரின் தலை போகாமலிருக்கவே அது ஏற்பட்டது. லாரிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முன் கம்பிக்குக் கனத்த பைப்பாகக் கேட்டு வாங்குகிறவர்கள், இந்தப் பின் தடுப்புக்கு மட்டும் எடை குறைந்த சானலைக் காட்டச் சொல்கிறார்கள், ஸ்பீடு பிரேக்கரில் இடிக்கிறது, கொஞ்சம் தூக்கி அடியுங்கள் என்கிறார்கள், “பின்னாடி வந்து விழுறவனுக்கு நான் எதுக்கு அம்பது கிலோ இரும்பு வாங்கணும்?” என்று கேட்கிறவர்களும் உண்டு. பட்டறைக்காரர்கள் அதற்குப் பதில் சொல்வதில்லை; எஃப்.சி.யில் அளந்து பார்ப்பார்கள் என்று மட்டும் சொல்லி, டேப்பை எடுக்கிறார்கள்.